எமன் வந்து எழுப்பிய மானிட்டர்

ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பது அப்பா கட்சி. பதினோராம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றியாக வேண்டும் என்பது சர்க்கார் கட்சி. 2024-ல் ரெண்டும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. இடம், குலசேகரன்பட்டினம். தசராவின் ஒன்பதாம் நாள்.

எங்கள் ஊர் தசராவைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, வேஷம் போடுவார்கள். காளி, அனுமார், ராஜா, போலீஸ், கரடி என்று என்ன வேண்டுமானாலும். அந்த வேஷத்தோடு வீடு வீடாகப் போய் காணிக்கை வாங்கி கோயிலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அதற்கு வரும் கூட்டத்தை லட்சத்தில்தான் எண்ண வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் ஆபீஸுக்கு மற்ற நாளில் மூணு நிமிஷம். தசராவில் முக்கால் மணி, அதுவும் யாராவது பின்னாலிருந்து தள்ளினால்.

'ஆபீஸ்' என்பது ஒரு மரியாதைக்கு. பத்துக்குப் பத்து ரூம், ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர். பத்திரிகைக்கு எழுதியே பிழைத்துவிடலாம் என்று நினைத்த பி.காம். பட்டதாரி, கடைசியில் ஊர்க் கடைக்காரர்களின் கணக்கை எழுதிப் பிழைக்கும் இடம். ஆனால் மானிட்டர் மட்டும் ரெண்டு! பார்க்கிறவர்கள், "ஏன் தம்பி, ராக்கெட் இங்கேர்ந்துதான் விடப் போறீயளா?" என்பார்கள். (2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோவின் ராக்கெட் தளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டியதிலிருந்து, ஊரில் டார்ச் லைட் வாங்கினால்கூட அதே கேள்விதான்.)

ரெண்டு மானிட்டர் ஜம்பத்துக்கு இல்லை சார். இடது பக்கம் பில், வலது பக்கம் ஜிஎஸ்டி போர்ட்டல். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தால் நாற்பதாவது பில்லில் 8 என்பது 3 ஆகிவிடும். இது கணக்கப்பிள்ளைகளின் பழைய வியாதி. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே கறுப்பு-வெள்ளைக்கு ஒரு கார்டு, கலருக்கு ஒரு கார்டு என்று ரெண்டையும் சேர்த்துப் போடலாம். 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3, ஒரு திரையில் கணக்கையும் இன்னொன்றில் கிராஃபையும் காட்டியது. விண்டோஸ் 98-ல்தான் சாதாரண வீட்டு விண்டோஸுக்கு ரெண்டு மானிட்டர் வித்தை வந்தது. அதாவது கேம் ஆடுகிற பையன்களுக்கெல்லாம் முன்னோடி நாங்கள்தான். யாரும் சொல்வதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு ஏற்ற வேண்டியது ஒரு வேஷ சாமான் கடை அண்ணாச்சியின் கணக்கு. கிரீடம், சடைமுடி, நாக்கு, சூலம் எல்லாம் மொத்த வியாபாரம். பதினோராம் தேதியைத் தாண்டி ஏற்றினால், அவரிடம் வாங்கின கடைக்காரர்களுக்கு 14-ம் தேதி வரும் 2பி பட்டியலில் அந்த பில் ஏறாது. அடுத்த மாசம்தான். அதுவரை வரிப் பணத்தை அவர்கள் அண்ணாச்சிக்குத் தரமாட்டார்கள். முன்னே ஒரு தரம் இப்படி நடந்து, "தம்பி, இன்னொரு வாட்டி பிந்திச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு சொன்னால் அது தீர்ப்பு. என் ஆபீஸ் வாடகை அவர் தரும் ஃபீஸில்தான் ஓடுகிறது.

வியாழன் ராத்திரியே ஏற்றியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் பக்தியில் இருந்தேன். பூஜைக்காகக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லா வயரையும் உருவி, பெட்டியைத் துடைத்து, ஊதி, ராத்திரி பூராவும் அப்படியே வைத்திருந்தேன். காலையில் வயர்களைத் திரும்பச் சொருகி, சந்தனம், குங்குமம், பொரிகடலை. மத்தியானம் மூணு மணிக்கு, அப்பா கண் அசந்த நேரமாகப் பார்த்து ஸ்விட்சைப் போட்டேன்.

பெரிய மானிட்டரில் 'நோ சிக்னல்'. சின்ன மானிட்டரிலும் 'நோ சிக்னல்'. உள்ளே ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது. அமைதியாக ரெண்டு கறுப்புத் திரை, நடுவில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு!

நீங்கள் என்ன செய்வீர்களோ அதையே நானும் செய்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். வயரை ஆட்டினேன். மானிட்டர் தலையில் லேசாகத் தட்டினேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் போன் போட்டேன். கூட்டத்தில் லைன் கிடைக்கவே அரை மணி ஆனது. "ரெண்டும் வரலியா? அப்ப மதர்போர்டு போயிருக்கும். ஏழாயிரம் ஆகும். தசரா முடியட்டும், கொண்டு வாங்க" என்றார்கள். ஏழாயிரம் போகட்டும், தசரா முடிகிறவரைக்கும் சர்க்கார் காத்திருக்குமா?

மணி ஏழு இருக்கும். வாசலில் மேளச் சத்தம். "காணிக்கை!" என்றது ஒரு குரல். எட்டிப் பார்த்தால் எமன். கறுப்புப் பெயிண்ட், ஒட்டு மீசை, அட்டைக் கிரீடம், ஒரு கையில் கதை, ஒரு கையில் பாசக்கயிறு. உற்றுப் பார்த்தால் என் சித்தி மகன்! திருச்செந்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன்.

"தம்பி, உள்ள வா. ஒரு சாவுக் கேஸ் இருக்கு."

"காப்புக் கட்டியிருக்கேன், அந்த வார்த்தைய வாயில சொல்லாதீய அண்ணே" என்று எமன் பதறினான்.

விஷயத்தைச் சொன்னேன். கதையை வாசலில் சாத்திவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து, கிரீடம் இடிக்க இடிக்கப் பெட்டியின் முதுகைப் போன் டார்ச்சில் பார்த்தான். ஸ்விட்சைத் தொடவில்லை. ஆட்டவில்லை. தட்டவில்லை.

"ரெண்டு வயரையும் மேல் வாசல்ல சொருகியிருக்கீய. முன்னால பெரிய மானிட்டர் கீழ் வாசல்லதானே இருந்துச்சு?"

இங்கேதான் சார் சூட்சுமம். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாததும் இதுதான், எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெட்டிக்குள் படம் வரைகிறவர்கள் ரெண்டு பேர். ஒருவர் பிராசஸருக்குள்ளேயே குடியிருக்கிற வீட்டு ஆள். தனிச் சமையல் கிடையாது, கம்ப்யூட்டரின் பொது ரேமிலேயே பங்கு வாங்கிச் சாப்பிடுவார். (2010 வாக்கில்தான் இன்டெல் இவரை பிராசஸரோடு சேர்த்துக் குடிவைத்தது. அதற்கு முன் மதர்போர்டில் வேறு சிப்பில் இருந்தார்.) இன்னொருவர் கிராஃபிக்ஸ் கார்டு. கான்ட்ராக்டில் வந்த ஓவியர். அவருக்குத் தனி மெமரி, தனியாக ஹீட் சிங்க், பெரும்பாலும் தனி ஃபேன். ரெண்டு பேருக்கும் பெட்டியின் முதுகில் தனித்தனி வாசல். டவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், மேலே யுஎஸ்பி, நெட் வயர் கூட்டத்தோடு இருப்பது வீட்டு ஆளின் வாசல். அதற்குக் கீழே, படுக்கைவாட்டுப் பட்டையில் தனியாக இருப்பது கார்டின் வாசல். ரெண்டிலும் ஹெச்டிஎம்ஐ ஓட்டை ஒரே மாதிரிதான் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு உள்ளே வந்ததும், நிறைய மதர்போர்டுகள் வீட்டு ஆளைத் தூங்கப் போகச் சொல்லிவிடும். அவர் வாசல் அடைபட்டுவிடும். அங்கே எத்தனை நல்ல வயரைச் சொருகினாலும் 'நோ சிக்னல்'தான். சில கம்பெனிப் பெட்டிகளில் அந்த ஓட்டையை பிளாஸ்டிக் மூடி போட்டே அனுப்புவார்கள். அதைக் கஷ்டப்பட்டு நெம்பி எடுத்து வயரைச் சொருகிவிட்டு மெக்கானிக்கைத் திட்டுகிற புண்ணியவான்கள் உண்டு.

எமன் பெரிய மானிட்டரின் வயரைக் கீழ் வாசலுக்கு மாற்றினான். படம் வந்துவிட்டது! ஏழாயிரம் ரூபாய் மதர்போர்டு உயிரோடு இருந்தது.

ஆனால் வந்தது விண்டோஸ் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிட்டது, எஃப்1 அழுத்து என்கிற தோரணையில் ஏதோ. நானாக இருந்தால் படிக்காமல் அழுத்தியிருப்பேன். அவன் படித்தான். அழுத்தினான். விண்டோஸ் வந்தது. போர்ட்டலைத் திறந்தால் திறக்கவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது' என்றது பிரவுசர். மூலையில் தேதியைப் பார்த்தேன். 2016, ஜனவரி 1.

"எட்டு வருஷம் பின்னால போயிட்டு" என்றேன்.

"காலன்கிட்டயே காலத்தச் சொல்லுதீயளா" என்று மீசையைத் தடவினான். "ராத்திரி பூரா பிளக்கப் பிடுங்கி வச்சிருந்தீயளா?"

எப்படிக் கண்டுபிடித்தான் என்கிறீர்களா? மதர்போர்டில் எட்டணா அகலத்துக்கு ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. பெயர் சிஆர்2032. மூணு வோல்ட். பெட்டிக்குக் கரண்டே வராதபோது கடிகாரமும் பயாஸ் செட்டிங்கும் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது எப்போதோ தீர்ந்து போயிருக்கிறது. சுவரில் பிளக் இருந்து ஸ்விட்ச் ஆனில் இருக்கிறவரை கொஞ்சம் கரண்ட் வந்துகொண்டே இருக்குமாகையால் வெளியே தெரியவில்லை. நான் பக்தியோடு பிளக்கைப் பிடுங்கின ராத்திரியில் மொத்தமும் மறந்து, கம்பெனி கொடுத்த நாள் செட்டிங்குக்குப் போய்விட்டது. கம்பெனி செட்டிங் என்றால்? கார்டு இருந்தால் வீட்டு ஆள் தூங்கலாம்!

சின்ன மானிட்டர் ஏன் இன்னும் செத்துக் கிடந்தது என்று இப்போது புரிந்தது. அது பழைய விஜிஏ மானிட்டர். என் கார்டு ஒரு கல்லூரிப் பையனிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஜிடி 1030. அதில் ஹெச்டிஎம்ஐயும் டிவிஐயும் மட்டும்தான், விஜிஏ கிடையாது. அதனால் விஜிஏ வயர் எப்போதும் மேல் வாசலில்தான். பெட்டியை முதலில் அமைத்தபோது இவனேதான் பயாஸில் வீட்டு ஆளையும் எழுப்பி, ரெண்டு பேரையும் ஒன்றாக வேலை பார்க்க வைத்திருக்கிறான். அந்தக் கட்டளைதான் ராத்திரியோடு ராத்திரியாக அழிந்துபோனது.

"புது பேட்டரி வேணும் அண்ணே. இல்லன்னா அடுத்த ஆயுத பூஜைக்கும் இதே கததான்."

வாட்ச் கடை பூட்டியிருந்தது. மெடிக்கலுக்குப் போகலாமென்றால் தெரு முழுக்க ஒரு தசரா செட். திரும்பிப் பார்த்தேன். பீரோ மேல் அப்பாவின் சுகர் மிஷின். பின்பக்கம் திறந்தால் அதே சிஆர்2032! எமன் என்னைப் பார்த்தான். நான் எமனைப் பார்த்தேன். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, பழையதை நெம்பி எடுத்து, எழுத்து இருக்கிற பக்கம் மேலே தெரியும்படி புதியதை அழுத்தியதற்கு ரெண்டு நிமிஷம். ஆன் செய்ததும் டெலீட் பட்டனைத் தட்டி பயாஸ். (சில பெட்டிகளில் எஃப்2.) தேதியைச் சரி செய்தான். அட்வான்ஸ்டு என்கிற பகுதியில் கிராஃபிக்ஸ் சம்பந்தமான இடத்தைத் தேடிப் பிடித்து, 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை டிஸேபிளிலிருந்து எனேபிளுக்கு மாற்றினான். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். சிலதில் 'ஐஜிடி மல்டி மானிட்டர்', சிலதில் 'இன்டர்னல் கிராஃபிக்ஸ்'. எஃப்10, சேவ். சின்ன மானிட்டர் கண் திறந்தது. ரெண்டிலும் ஒரே படம் தெரிந்ததால் விண்டோஸ் கீயும் 'பி'யும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தான். முடிந்தது. காணிக்கையாக நூறு ரூபாய் போட்டேன். ஏழாயிரத்துக்கு நூறு!

இதைப் பின்னால் நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு மானிட்டர் புலம்பல் வந்தது. பாளையங்கோட்டை பேங்க் நண்பர் புது டவர் வாங்கி, கார்டு வேறு மானிட்டர் வேறு என்று மேல் வாசலில் மல்லுக்கட்டியிருக்கிறார். பிராசஸர் பெயரைச் சொல்லச் சொன்னேன். கடைசியில் 'எஃப்' இருந்தது. எஃப் போட்ட இன்டெல் பிராசஸரில் வீட்டு ஆளே கிடையாது, விலை கொஞ்சம் குறைவு. பூட்டின வீட்டைத் தட்டினால் யார் திறப்பார்கள்? ஏஎம்டியில் 5000 வரிசை வரைக்கும் டெஸ்க்டாப் ரைஸனில் 'ஜி' போட்டதில்தான் ஆள் உண்டு. 2022-ல் வந்த 7000 வரிசையிலிருந்து பெரும்பாலும் இருக்கிறார்.

இன்னொருவருக்கு வயரில் வில்லங்கம். கம்ப்யூட்டரில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட். ரெண்டு முனையும் பொருந்துகிற மாதிரி ஒரு வயர் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்தச் சாதாரண வயர் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டாகவும் மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐயாகவும் இருந்தால்தான் ஓடும். திருப்பிப் போட்டால் முனை பொருந்தும், படம் வராது. அதே மாதிரி ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போக உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும், வெறும் வயர் போதாது.

லேப்டாப் கதை தனி. தூத்துக்குடி நண்பர், "கார்டு இருக்கு, ஆனா சொந்தத் திரையில கேம் ஆடுனா வேகம் கொஞ்சம் கொறையுது, வெளி மானிட்டர்ல நல்லாருக்கு" என்றார். நிறைய லேப்டாப்களில் சொந்தத் திரை வீட்டு ஆளோடுதான் இணைந்திருக்கும். கார்டு வரைந்த படம் வீட்டு ஆள் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். 2010-ல் என்விடியா ஆப்டிமஸ் என்று கொண்டுவந்த ஏற்பாடு இது, பேட்டரி மிச்சம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு விடும் ராக்கெட், இலங்கை மேல் போகக் கூடாதென்று வளைந்து போய் எரிபொருளை வீணாக்குகிறதே, அது மாதிரி. குலசேகரன்பட்டினத்திலிருந்து விட்டால் நேராகத் தெற்கே கடல்தான், அதனால்தான் எங்கள் ஊரைப் பிடித்தார்கள். அவருடைய லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ வாசல் நேரே கார்டோடு இணைந்தது. அது குலசேகரன்பட்டினம். சொந்தத் திரை ஸ்ரீஹரிகோட்டா. எல்லா லேப்டாப்பிலும் இப்படி இருக்காது. உங்களுடையதில் எந்த வாசல் யாருடையது என்பதை, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய ராத்திரிக்குத் திரும்புகிறேன். ஒன்பதே முக்காலுக்கு எல்லா பில்லும் ஏறியாகிவிட்டது. கடைசியில் ஓடிபி. அது அண்ணாச்சியின் போனுக்குத்தான் போகும். அண்ணாச்சியோ கடையில் கிரீடம் விற்கிற மும்முரத்தில். போன் போட்டால் லைன் போகவில்லை. கூட்டத்தில் நான் நடந்து போய் வந்தால் சூரசம்ஹாரமே முடிந்துவிடும்.

"நான் போய்ட்டு வாரேன்" என்று எமன் கதையை எடுத்துக்கொண்டான். போகும்போது மறக்காமல் பாசக்கயிறையும் எடுத்துக்கொண்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்து நிமிஷமாக அசையாத கூட்டம், எமன் வருகிறான் என்றதும் ரெண்டாகப் பிரிந்து வழி விட்டது. அரை மணியில் அண்ணாச்சியின் போனோடு திரும்பினான். வரும் வழியிலும் நாலு பேர் காணிக்கை போட்டிருந்தார்கள்.

பத்து நாற்பதுக்கு ஏஆர்என் நம்பர் வந்தது. இடது திரையில் பில், வலது திரையில் நம்பர். ரெண்டின் நெற்றியிலும் குங்குமம் அப்படியே.

காலையில் வெறும் வயிற்றில் சுகர் பார்க்க உட்கார்ந்தார் அப்பா. ராத்திரியே மெடிக்கலில் பேட்டரி வாங்கி, நல்ல பிள்ளையாக மிஷினுக்குள் போட்டு வைத்திருந்தேன். மிஷின் சுகரைச் சொல்லவில்லை. நாள் தேதி என்ன என்று கேட்டது.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாருல இதத் தொட்டது?"